கயிறு பிடித்தவர்க்குப் பங்கு

நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக மனிதகுலம் மார்தட்டிக்கொள்ளத்தக்க சாதனை, கடலூருக்குத் தெற்கே சங்குமேட்டுக்குப்பம் ஒரு ரிசார்ட் ஆனதுதான். இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த ரிசார்ட்டின் 'பண்பாட்டு ஆலோசகர்' தில்லைநாதன் என்ற முறையில் சொல்கிறேன். பண்பாடு கடலோரத்தில் இருந்தாலும் ஆலோசகர் நகரத்தில் இருப்பதுதான் முறை. ஆகவே சிதம்பரத்திலிருந்து தினமும் ஏசி காரில் வந்து பண்பாட்டைப் பார்த்துவிட்டுப் போகிறேன்.

மேனேஜர் ராஜ்கமல் மிகவும் முற்போக்கானவர். வந்த வேகத்தில் 'வாடை ஒழிப்புக் கூட்டம்' நடத்தினார். காற்றில் இரண்டு வாடைகள் இருப்பதாகக் கண்டறியப்பட்டது. ஒன்று, தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வரும் ரசாயன வாடை. அது நாட்டின் வளர்ச்சி. மூச்சு இருக்கும்வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. மற்றது கருவாடு. அது உடனடியாகத் தடை செய்யப்பட்டது.

அடுத்தது 'பாரம்பரிய வலை அனுபவம்'. ஊரில் செபாஸ்டினிடம் ஒரு கரைவலை உண்டு. படகில் போய் வலையைக் கடலில் வளைத்து விட்டுவிட்டு, கரையில் நின்று இரண்டு பக்கக் கயிற்றையும் இழுக்க வேண்டும். இதற்கு ஊரில் ஒரு சட்டம். கயிற்றில் யார் கை வைத்தாலும் அவருக்கு மீனில் ஒரு பங்கு. வழியில் போகிறவரானாலும் சரி, பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியானாலும் சரி. இப்படிப்பட்ட விபரீதமான நேர்மையை நவீன உலகம் பார்த்ததில்லை என்பதால், அதற்கு டிக்கெட் போடலாம் என்று ஆலோசனை சொன்னவன் நான்தான்.

முதல் நாள் கயிறு பிடித்தவர்களில் பெங்களூரிலிருந்து வந்த ரேகா என்ற அம்மையாரும் ஒருவர். செபாஸ்டின் அவருக்கும் கை நிறைய நெத்திலியை அள்ளிக் கொடுத்தார்.

"அய்யய்யோ, இத என்ன பண்ணணும்?"

"ஆஞ்சி கொழம்பு வைக்கணும்மா."

"வேண்டாம், நான் போட்டோ மட்டும் எடுத்துக்கறேன்."

ராஜ்கமல் இதைக் கூர்ந்து கவனித்தார். விருந்தினரின் பங்கு வீணாகலாமா? மறுநாளிலிருந்து அதை 'விருந்தினர் சார்பில்' ரிசார்ட் சமையல்கூடமே பெற்றுக்கொண்டது. கயிற்றில் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் இருந்தால் விருந்தினர் ஐம்பது பேர் இருந்தார்கள். ஒரு கையால் செல்ஃபி எடுத்தாலும் இன்னொரு கை கயிற்றில் இருந்ததால் அனைவருக்கும் முழுப் பங்கு.

செபாஸ்டினின் மனைவி இன்னாசிமேரி வழக்கம்போலச் செம்மண்டலத்துக்கு மீன் விற்கப் போனார். கூடையில் இருந்தது முதல் தெருவோடு தீர்ந்துவிட்டது. "உள்ளூர் மகளிரின் வேலைநேரம் வெகுவாகக் குறைந்துள்ளது" என்று என் அறிக்கையில் பாராட்டி எழுதினேன். அவர் வீட்டில் ஒரு வேளை உலை குறைந்ததற்கு அறிக்கையில் இடமில்லை.

ஒருநாள் மத்தியானம் இன்னாசிமேரி பாதி ஊரைக் கூட்டிக்கொண்டு ரிசார்ட்டின் சாப்பாட்டு ஹாலுக்குள் நுழைந்து, தட்டு எடுக்கும் வரிசையில் நின்றுவிட்டார்.

ராஜ்கமல் ஓடிவந்தார். "என்னம்மா இது?"

"பங்கு வாங்க வந்துருக்கோம் தம்பி."

"எதுல பங்கு?"

இன்னாசிமேரி சுவரில் மாட்டியிருந்த பெரிய போட்டோவைக் காட்டினார். ரிசார்ட் கட்டுவதற்காகக் கடலோர மணல்மேட்டைச் சமப்படுத்த வந்த புல்டோசர் மணலில் புதைந்துபோனதும், ஊரே வலைக்கயிற்றைக் கட்டி அதை இழுத்து மேலேற்றியதுமான வரலாற்றுச் சம்பவம் அது. கீழே பொன்னெழுத்தில் 'எங்களை உருவாக்கிய கைகள்' என்று எழுதியிருந்தது.

"இது யாரு கை? என் கை. இது எங்க ஊட்டுக்காரரு கை. நாங்க கயிறு புடிச்சதாலதான ஒங்க வண்டி ஏறுச்சி? ஒங்க ஆளுங்க எங்க கயிறப் புடிச்சாங்க, பங்கு குடுத்தோம். எங்க பங்கு எங்க?"

அவருடைய தம்பி லூர்து பிரகாஷ் அதற்குள் மூடிகளைத் திறந்து பார்க்க ஆரம்பித்திருந்தார். "மச்சான், நம்ம எறா இந்தப் பக்கம் இருக்குது" என்று செபாஸ்டினைக் கூப்பிட்டார்.

அங்கேயே அவசரக் கூட்டம் கூடியது.

"அது உதவிம்மா" என்றார் ராஜ்கமல். "உதவிக்குப் பங்கு கிடையாது. நன்றிதான். அதனாலதான போட்டோ மாட்டியிருக்கோம்?"

"போட்டோவ ஆஞ்சி கொழம்பு வைக்கவா?"

விவகாரம் என் தீர்ப்புக்கு விடப்பட்டது. தீர ஆலோசித்து, கயிற்றுச் சட்டம் மீனுக்கு மட்டுமே பொருந்தும், கட்டடத்துக்கும் அதன் வருமானத்துக்கும் பொருந்தாது என்று அறிவித்தேன்.

"ஒங்களுக்குத் தேவப்பட்டா சட்டம், எங்களுக்குன்னா இல்லியா சார்?" என்று செபாஸ்டின் கேட்டார். கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் பதில் சொல்லப்படவில்லை. காவலாளிகள் அவர்களை மிகுந்த மரியாதையோடு வெளியே தள்ளினார்கள். எனக்கு மனசே சரியில்லை. இறால் வறுவலை இரண்டாம் முறைக்கு மேல் வாங்கவில்லை.

சில மாதம் கழித்துக் கடற்கரையை அளக்க அதிகாரிகள் வந்தார்கள். அளந்து முடித்ததும் அவர்கள் கேட்ட முதல் கேள்வியே வில்லங்கமாக இருந்தது.

"இங்க ஒரு மணல்மேடு இருந்துச்சே, எங்க? புயலுக்கு ஊரக் காப்பாத்துறதே அதுதான். அதத் தொடவே கூடாது. யார் அழிச்சது?"

ராஜ்கமல் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. அதிகாரிகளைப் போட்டோவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"ஊர் மக்களே சேர்ந்து செஞ்சது சார். இந்த ஊர்ல ரொம்பப் பழைய சட்டம் ஒண்ணு இருக்கு. கயிறு புடிச்ச எல்லாருக்கும் பங்கு."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் நம் பண்பாட்டை இவ்வளவு ஆழமாக உள்வாங்கிக்கொண்டதற்கு நானும் ஒரு காரணம் அல்லவா! அதிகாரிகள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எந்தக் கை யாருடையது என்று விசாரித்து எழுதிக்கொண்டார்கள். புல்டோசரை வரவழைத்தவர்களின் கை எதுவும் கயிற்றில் இல்லை.

கடலூர் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. பாரபட்சமே இல்லை. கயிறு பிடித்த ஒரு வீடு விடாமல் வந்தது. நெத்திலி கூட்டமாகக் கரையோரம் வந்த நாளில் செபாஸ்டினின் வலை மணலில் கிடந்தது. அவர் மனைவியோடு கோர்ட் வராந்தாவில் நின்றார். ஆறுதல் சொல்வதும் ஆலோசகரின் கடமை என்பதால் நானும் போயிருந்தேன்.

"பங்கு கேட்டோம்ல சார்" என்றார் இன்னாசிமேரி. "வந்துருச்சி."

செபாஸ்டின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புல்டோசர இழுத்த அன்னிக்கு நீங்களுந்தான சார் அங்க இருந்தீங்க? போட்டோவுல ஒங்க கையக் காணும். நீங்க கயிறு புடிக்கலியா?"

"இல்ல செபாஸ்டின்" என்றேன். "நான் கை தட்டிக்கிட்டு இருந்தேன்."