கோபத்தில் எறிந்த தட்டு

கோபத்தோடு துணி துவைக்கலாம், சப்பாத்தி உருட்டலாம், பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை போடலாம். தட்டு மட்டும் எறியக் கூடாது. இதை நான் அரியலூரில் ஒரு கூட்டமே பார்க்கக் கற்றுக்கொண்டேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெரம்பலூரில் கல்லூரி படித்தபோது ஃபிரிஸ்பீ அணியில் இருந்தேன். பிளாஸ்டிக் தட்டை ஆள் மாற்றி ஆள் எறிந்து, எதிர்முனைக் கட்டத்துக்குள் நம் ஆள் பிடித்தால் ஒரு பாயிண்ட். ஆணும் பெண்ணும் கலந்து ஆட வேண்டும் என்பது விதி. அந்த விதிக்காகத்தான் என்னைச் சேர்த்திருந்தார்கள். கேப்டன் விக்னேஷ் எனக்குச் சொன்ன ஒரே ஆட்ட நுணுக்கம் இதுதான்: "நீ சும்மா ஓடிக்கிட்டே இரு ஸ்டெல்லா. போதும்."

(ஓடிக்கிட்டே இருக்கறதுக்கு நான் என்ன டவுன் பஸ்ஸா?)

லீவில் சொந்த ஊர் வரதராசன்பேட்டைக்குப் போனதும் முந்திரித் தோப்பில் எறிந்து பழக இறங்கினேன். ஃபோர்ஹேண்ட் என்று ஒரு எறி உண்டு. கையை வீசாமல் மணிக்கட்டை மட்டும் சுண்ட வேண்டும். முதலில் தட்டு குடிகாரனைப் போலத் தள்ளாடி மரத்தில் போய் மாட்டியது. கல்லால் அடித்து இறக்கினேன். மறுபடி எறிந்தேன், மறுபடி மாட்டியது. ஒவ்வொரு மரத்துக்கும் விக்னேஷ் என்று பெயர் வைத்த பிறகு குறி கொஞ்சம் தேறியது. சுண்டுகிற இரண்டு விரலும் தோலுரிந்து, சோற்றில் குழம்பு பட்டாலே எரிந்தது.

"மாதாவே! இதுக்கா உன்னைய எஞ்சினியரிங் சேத்தோம்?" என்றாள் அம்மா. ஆனாலும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே நின்று, தட்டைப் பொறுக்கிப் போட்டாள். லீவு முடிவதற்குள் தோப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தட்டு நேராகப் போனது.

பிறகு அரியலூரில் ஒரு போட்டி. அம்மாவும் வந்திருந்தாள். ஆட்டம் முழுக்க நான் ஆளில்லாத இடமாகப் பார்த்து ஓடினேன், கை தூக்கினேன், கத்தினேன். விக்னேஷ் என்னைத் தாண்டி, இரண்டு பேர் மறித்து நிற்கிற தன் கூட்டாளி சதீஷுக்கே எறிந்தான். சதீஷும் விசுவாசமாகக் கீழே விட்டான். "பரவால்ல மச்சி, விடு," என்றான் விக்னேஷ். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

இரண்டு அணியும் சமநிலைக்கு வந்தன. இன்னும் ஒரே பாயிண்ட்தான். இந்த ஆட்டத்தில் பாயிண்ட் விழுந்ததும் இரு அணிகளும் பக்கம் மாற வேண்டும். நானும் மாறினேன். கோபத்தில் என் மண்டை மட்டும் பழைய பக்கத்திலேயே நின்றுவிட்டது.

விக்னேஷ் மறுபடியும் சதீஷுக்கு எறிந்தான். நான் குறுக்கே பாய்ந்து அதைப் பிடித்தேன். (ஆமா, சொந்த டீம்கிட்டேர்ந்துதான் புடுங்குனேன்.)

"ஸ்டெல்லா, வேணாம்! போடாத! திரும்பு!" என்று கத்தினான் விக்னேஷ்.

'போடாத' என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. சுண்டினேன். என் வாழ்நாளின் மிக அழகான ஃபோர்ஹேண்ட் அது. துளி ஆட்டமில்லாமல் மைதானத்தைக் கடந்து, எங்கள் அணி காக்க வேண்டிய கட்டத்தின் மேல் போய் மிதந்தது. எதிரணியில் கேப்டன் ரம்யாவுக்கு மட்டும் விஷயம் புரிந்தது. துரத்தி ஓடி, எகிறிப் பிடித்துவிட்டாள். விதிப்படி பாயிண்ட் அவர்களுக்கு. ஆட்டம் முடிந்தது.

எங்கள் பக்கத்தில் கை தட்டியது அம்மா மட்டும்தான். "எம் பொண்ணுங்க! அது எம் பொண்ணு போட்டதுங்க!"

ஆட்டம் முடிந்ததும் இரு அணிகளும் வட்டமாக நின்று பேசுவது வழக்கம். ரம்யா என்னைப் பார்த்தாள். "அப்படி ஒரு ஃபோர்ஹேண்ட் எங்க டீம்ல யாருக்கும் வராதுங்க. ஆனா மேட்ச் முழுக்க உங்களுக்கு ஒருத்தரும் தட்டே குடுக்கலையே, ஏன்?"

"ஏன்னுதான் இப்பப் பாத்தீங்களே," என்றான் விக்னேஷ். எல்லோரும் சிரித்தார்கள்.

"நான் தப்பான பக்கம் போட்டேன், ஒத்துக்கறேன்," என்றேன். "ஒரே ஒரு தடவை. சதீஷ் இன்னிக்கு எத்தன தட்டக் கீழ விட்டான்? 'பரவால்ல மச்சி'ன்னியே, எனக்கு யாராவது ஒரு பரவால்ல சொன்னீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. விக்னேஷ் மன்னிப்புக் கேட்டான் என்று எழுத ஆசைதான். கேட்கவில்லை, ஷூ லேஸைக் கட்டப் போய்விட்டான். ஆனால் அடுத்த பயிற்சியில் முதல் தட்டை சதீஷ் எனக்குப் போட்டான். அதற்குப் பிறகு விக்னேஷாலும் எனக்குப் போடாமல் இருக்க முடியவில்லை.

இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும், காபி டம்ளரை நீட்டும்போதே அம்மா ஆரம்பித்துவிடுகிறாள்: "எங்க ஸ்டெல்லா அரியலூர்ல ஒரு கோல் போட்டா பாருங்க, அப்படி ஒரு கோலு! எந்த டீமுக்குன்னு மட்டும் கேட்றாதீங்க."