சடையன் இல்லை என்று நிரூபிக்கப் போனேன்

பட்டியல் போட்டு வேலை செய்கிறவர்களுக்கு அசிங்கம் நேராது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஊருக்குக் கிளம்பினால் சோப்பு, சீப்பு, சேஃப்டி பின் என்று எழுதி, ஒவ்வொன்றாக டிக் அடித்த பிறகுதான் பையை மூடுவேன். (பையையே பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கியதும் உண்டு. பட்டியலில் ‘பை’ என்று எழுதியிருக்கவில்லை.) அப்படிப்பட்ட நான்தான் ஒருநாள் காலையில், நிதானமாக யோசித்து, வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு, சடையனைத் தேடிச் சேற்றுக்குள் இறங்கினேன்.

அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, அந்த போர்டின் பெயிண்ட் காய்வதற்குள் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டிருந்த சமயம் அது. நான் சிவிலில் டிப்ளமோ முடித்து, திருச்சியில் ஒரு தனியார் சர்வே கம்பெனியில் சேர்ந்திருந்தேன். அங்கே பெண்களுக்கு வேலை என்றால் டேபிளில் உட்கார்ந்து வரைபடம் வரைவது, யாராவது வந்தால் டீ சொல்வது. நான் மேனேஜர் முன்னால் போய்ப் போய் நின்று, ஃபீல்டு வேலை கேட்டு வாங்கினேன். கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்காகக் கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூர்ப் பக்கம், குழாய் போகிற பாதையை அளக்க வேண்டும்.

“இதை ஒழுங்கா முடிச்சுட்டு வா. அப்புறம் உன்னை ஃபீல்டுலயே போட்டுடறேன். சொதப்பினா திரும்ப டேபிள்தான். அழக் கூடாது” என்றார்.

நான் அழுகிறவள் இல்லை சார் என்றேன். அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

நான் வேப்பந்தட்டைக்காரி. எங்கள் பக்கம் தண்ணீர் என்பது பைப்படியில் சண்டை போட்டுப் பிடிப்பது. தரையில் காலை வைத்தால் தரை அப்படியே இருக்கும். கொள்ளிடக் கரைக்கும் ஆற்றுக்கும் நடுவிலுள்ள படுகையில் அந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. வயல்களின் வடிகால் முழுக்க வந்து தேங்கி, சம்பும் நாணலும் ஆளை மறைக்கிற உயரத்துக்கு மண்டிக் கிடந்தன. நடுநடுவே காட்டாமணக்குப் புதர். மேலோட்டமாகப் பார்த்தால் ஆகாயத்தாமரை பூத்த தோட்டம், காலை வைத்தால் குட்டை.

பாதையில் பாதி தூரம் சுலபமாக முடிந்தது. சம்புக்காட்டின் விளிம்புக்கு வந்ததும் ஆட்கள் சாமான்களை இறக்கி வைத்துவிட்டுக் கரைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு மேஸ்திரி ராயப்பன். ஏலாக்குறிச்சிப் பக்கத்துக்காரர், பூவரச மரம் மாதிரி திடமான ஆள்.

“இதுக்குள்ள வர மாட்டோம் மேடம். சடையன் இருக்கான்.”

“யாரு?”

“ரெண்டு ஆள் ஒசரம் இருப்பானுங்க. மேலெல்லாம் மசுரு, முட்டி வரைக்கும் தொங்கும். காலு மொறத்தாட்டம் இருக்கும். வாடை முன்னாடி வரும், அவன் பின்னாடி வருவான்.”

“பேயா?”

“பேய்னா பரவால்லியே, பூசாரியக் கூட்டியாந்துடலாம். இது உசுரோட இருக்குல்ல.”

யார் பார்த்தது என்று விசாரித்தேன். ராயப்பனின் மச்சான் பார்த்திருக்கிறார். மச்சானின் சகலை பார்த்திருக்கிறார். சகலையின் மாடு பார்த்துவிட்டு அன்றிலிருந்து பால் கறக்கவில்லை.

“நீங்க மாதா கோயிலுக்குப் போறவங்கதானே, உங்களுக்கு என்ன பயம்?”

“எங்களுக்கு மாதா இருக்காங்க மேடம். அது சடையனுக்குத் தெரியாதுல்ல?”



எங்கள் சைட் இன்சார்ஜ் சுகுமார் சார் குடை பிடித்துக்கொண்டு கரைமேல் நின்றார். கம்பெனிக்கு இருந்த ஒரே கேமரா எப்போதும் அவர் கழுத்தில்தான் தொங்கும். “எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது” என்று அறிவித்தார். அறிவித்துவிட்டு அதே இடத்திலேயே நின்றார். “நீ ஒண்ணு பண்ணு. இந்தப் பக்கம் தரை மட்டம் எடுத்தாச்சு, அந்தப் பக்கம் சுத்திப் போய் எடுத்துக்கலாம். நடுவுல உத்தேசமா போட்டுக்க. யாரு பாக்கப் போறா?”

அதைத்தான் செய்திருக்க வேண்டும். இன்றைக்கும் எங்கோ ஒரு டேபிளில் உத்தேசமாகப் போட்டவர்கள்தான் பெரிய ஆட்களாக இருக்கிறார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. உத்தேசம் என்ற வார்த்தையே எனக்குக் கெட்ட வார்த்தை.

ராயப்பன் என்னைக் கூட்டிப்போய்ச் சேற்று விளிம்பில் சடையனின் காலடியைக் காட்டினார். நீளமான பள்ளம். முன்பக்கம் விரல் பிரிந்த மாதிரி கோடுகள். மற்றவர்கள் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். நான் குனிந்து டேப் வைத்து அளந்தேன். (அந்தக் காட்சியில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கே ஒரு அறை கொடுக்கலாம் போல இருக்கிறது.)

மறுநாள் காலை, நல்ல வெயிலில், நான் மட்டும் உள்ளே போவது என்று முடிவு செய்தேன். சடையன் இல்லை என்று காட்டிவிட்டால் ஆட்கள் வருவார்கள், ஆட்கள் வந்தால் வேலை முடியும், வேலை முடிந்தால் ஃபீல்டு எனக்கு. பட்டியலும் தயார்: டேப், விசில், தண்ணீர் பாட்டில், பாதையை அடையாளம் வைக்கக் கலர் துணி, சேற்றின் ஆழம் பார்க்க ஸ்டாஃப். ஸ்டாஃப் என்பது நிலத்தின் உயரம் பார்க்கப் பிடிக்கிற அலுமினிய அளவுகோல். இழுத்தால் ரெண்டு ஆள் உயரத்துக்கு நீளும். உள்ளே போகத் தேவையான எல்லாம் இருந்தது. வெளியே எப்படி வருவது என்று ஒரு வரியும் இல்லை.

“விசில் அடிச்சா உடனே வரணும்” என்றேன்.

“வந்துடுவோம் மேடம்” என்றார்கள் எல்லாரும், கரையிலிருந்து இறங்காமல்.

உள்ளே சம்பு இரண்டு பக்கமும் உரச, ஸ்டாஃபால் குத்திப் பார்த்து, கெட்டியான இடமாகக் கால் வைத்துப் போனேன். காலடித் தடம் எனக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. வாடையும் வந்தது. உண்மையாகவே வந்தது. கட்டிவந்த கலர் துணியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் நின்றுவிடவில்லை. சம்பை விலக்கினால் ஒரு சின்னக் குட்டை. குட்டைக்குள்ளிருந்து, தலையிலும் முதுகிலும் ஆகாயத்தாமரை வேர் கொத்துக் கொத்தாகத் தொங்க, கரேலென்று சடையன் எழுந்தான். எழுந்து என்னைப் பார்த்துப் புஸ்ஸென்று மூச்சு விட்டான்.

எருமை. எவர் வீட்டுத் தொழுவத்திலிருந்தோ எப்போதோ பிரிந்துவந்து, தனியாக, நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருந்த ஒரு கிழட்டு எருமை. முன்னங்கால் பதிந்த இடத்திலேயே பின்னங்காலும் கொஞ்சம் தள்ளிப் பதிந்தால் இளகிய சேற்றில் ஒரே நீளக் காலடி ஆகிவிடும். விரல் என்றது குளம்பின் பிளவு. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான ஒரு நிமிஷம் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் ஸ்டாஃபால் குத்திப் பார்க்காமல் ஒரு அடி பின்னால் வைத்தேன்.

இடுப்பு வரை போய்விட்டேன்.

விசில் அடித்தேன். முதல் ஊதலிலேயே சேறு புகுந்து, விசில் நரி ஊளையிடுவது போல ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றது. யாரும் வரவில்லை. எருமை கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, நம்மால் ஆவதற்கு ஒன்றுமில்லை என்பது போலப் போய்விட்டது. பிறகு ஸ்டாஃபை இழுத்து நீட்டிச் சம்பின்மேல் குறுக்கே போட்டு, அதன்மேல் படுத்து, உடும்பு மாதிரி ஊர்ந்தேன். ஷூ போயிற்று. பின்னல் அவிழ்ந்தது. உச்சி முதல் உள்ளங்கால் வரை கருஞ்சேறு, அதன்மேல் சம்புப் பஞ்சு வேறு அப்பிக்கொண்டது.

கரை தெரிகிற தூரத்துக்கு வந்ததும் அவர்களைக் கூப்பிட்டேன். தொண்டையில் சேறு, வந்தது குரல் இல்லை, உறுமல். சரி, கண்ணுக்காவது தெரியட்டும் என்று ஸ்டாஃபைத் தூக்கி நட்டமாக நிறுத்தி ஆட்டினேன். அதன் நுனியில் என் துப்பட்டாவும் ஒரு கூடை ஆகாயத்தாமரை வேரும் தொங்கிக்கொண்டிருந்தன.

முதலில் ஓடியது நம்பிக்கை இல்லாத சுகுமார் சார். குடை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். அவருக்குப் பின்னால் ராயப்பனும் ஆட்களும். கரைமேல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் ஆட்டை விட்டுவிட்டு ஓடினார்கள். என்னைக் காப்பாற்ற அங்கே மிச்சம் நின்றவை ஆடுகள் மட்டும்தான்.

கரை தாண்டி ஒரு பம்புசெட். அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். கத்தவில்லை. கையிலிருந்த துணியைக்கூடக் கீழே போடவில்லை.

“ஏண்டி பொண்ணே, யாரு வூட்டுப் புள்ள நீ? இப்படி அப்பிக்கிட்டு வர? வா, வந்து தண்ணில நில்லு.”

தலையில் தண்ணீர் கொட்டக் கொட்ட எனக்கு நன்றாக இருந்தது. அவர் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, தலையை உதறி முடிந்துகொண்டு, பளிச்சென்று கரைக்குப் போனேன். அதாவது, இருந்த ஒரே ஆதாரத்தை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போனேன்.

கரையில் ஊரே கூடியிருந்தது. நடுவில் சுகுமார் சார்.

“சார், அது நான்தான் சார்” என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். புடவை, ஈரத் தலை, ஐந்தடி உயரம்.

“அது பத்தடி இருந்துச்சும்மா” என்றார் ஒருவர்.

“ஸ்டாஃபைத் தூக்கிப் புடிச்சேங்க!”

“ஸ்டாஃபுக்கு மசுரு இருக்குமா?” என்றார் சுகுமார் சார். “நான் பக்கத்துல பார்த்தேன். கண்ணு ரெண்டும் செவசெவன்னு.”

“சார், நீங்க ஓடினீங்க. உங்க முதுகைத்தான் நான் பார்த்தேன்.”

“ஓடலை. போட்டோ எடுக்க இடம் பார்த்தேன்.”

“எடுத்தீங்களா?”

“எடுத்தேன். இதெல்லாம் பிலிம்ல விழாது.”

கூட்டம் ‘உச்’ கொட்டி ஆமோதித்தது. எருமையைப் பற்றிச் சொன்னேன். பயத்தில் எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று முடிவு செய்து, ஒரு பெரியவர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். பம்புசெட் அக்காவைக் கேளுங்கள் என்றேன். “அது கெடக்குது” என்றார்கள். அவ்வளவுதான் விசாரணை.

ராயப்பனை மட்டும் தனியாக இழுத்து, “அண்ணே, நீங்களாவது சொல்லுங்க” என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். “நீங்கதான்னு இப்ப தெரியுதுங்க மேடம். ஆனா நான் ஓடுனத எம் பொண்டாட்டி பாத்துட்டா. சடையனுக்கு ஓடுனேன்னு சொல்லிக்கலாம். உங்களுக்கு ஓடுனேன்னு எப்படி மேடம் சொல்லிக்கிறது?”



திருச்சியில் மேனேஜர் முழுக்கக் கேட்டார். சுகுமார் சார் சொல்வதை முழுக்கக் கேட்டார். பிறகு, “இதுக்குத்தான் பொண்ணுங்களை ஃபீல்டுக்கு அனுப்பறதில்ல” என்றார். கணக்கை நான் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். துரத்தியது சடையன். ஓடியது சுகுமார் சார். ஃபீல்டிலிருந்து எடுத்தது என்னை. கோடையில் படுகை காய்ந்து பாளம் பாளமாக வெடித்த பிறகு, புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் ஷூவில் தூசி படாமல் நடந்து, மிச்சப் பாதையை அளந்து முடித்தான். அவனை ஃபீல்டிலேயே போட்டார்கள். அவன் கொண்டுவந்த அளவுகளை டேபிளில் உட்கார்ந்து வரைந்து கொடுத்தது நான். அழவில்லை. டீயும் சொன்னேன்.

கொஞ்ச வருஷத்தில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. கணவர் பள்ளிக்கூட வாத்தியார். ஊர், விதியின் புண்ணியத்தில், அந்தப் பக்கம்தான். கல்யாணமான புதிதில் மாமியார், “நம்ம பக்கத்துல ஒரு சாமி இருக்கும்மா. துடியானது. கேட்டதைக் குடுக்கும். ஒரு எட்டு போய் வேண்டிக்கிட்டு வந்துடலாம்” என்று என்னையும் கணவரையும் கூட்டிப்போனார். ஆட்டோ கொள்ளிடக் கரையில் ஏறியதுமே எனக்கு இடம் அடையாளம் தெரிந்துவிட்டது. பம்புசெட்டுக்கு நேர் எதிரே, தகரக் கூரை போட்டு, சிமெண்ட் தரையுடன் ஒரு கோயில். சடையப்ப சாமி.

பூசாரி சின்ன வயசுக்காரர். ஸ்தல வரலாற்றை எனக்கே சொன்னார். “பட்டப்பகல்லம்மா! ஒரு பெரிய இன்ஜினியரையே துரத்திருக்காரு. அவரு கேமராவுல புடிச்சாரு, விழல.”

கும்பிட்டுவிடலாம் என்று நான் படியில் கால் வைத்தேன்.

“அம்மா, அம்மா! அங்கயே நில்லுங்க. லேடீஸ் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது.”

“ஏன்?”

“அன்னிக்கு ஒரு பொம்பளைப் புள்ள பேச்சு கேக்காம உள்ள போயிருக்கு. அந்தக் கோவத்துலதான் சாமி வெளியவே வந்தாரு.”

வாசலில் நின்றேன். மாமியார் பக்கத்தில் நின்று பயபக்தியோடு கண்ணை மூடிக்கொண்டார். கதை முழுக்கத் தெரிந்த என் கணவர் சட்டையைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார். வெகுநேரம் கழித்து நெற்றி நிறைய விபூதியோடு வந்தார்.

“உள்ள எப்படி இருக்கு?” என்றேன் மெதுவாக.

“அப்படியே உன் சாடை. மீசை மட்டும் பெருசா வெச்சிருக்காங்க.”

அன்றிலிருந்து வீட்டில் இது நிலைத்துவிட்டது. கேஸ் தீரப் போகிறது என்று நான் சொல்வேன். மோட்டாரில் சத்தம் வருகிறது, ஆளைக் கூப்பிடுங்கள் என்பேன். யாரும் காதில் வாங்க மாட்டார்கள். கேஸ் தீர்ந்து, மோட்டார் எரிந்த பிறகு, “மீசை வெச்சுக்கிட்டு சொல்லியிருந்தா கேட்டிருப்போம்ல” என்பார் கணவர். வீடே சிரிக்கும். நானும் சிரித்து வைப்பேன்.

மாமியார் மட்டும் சிரிக்க மாட்டார். “சாமி விஷயத்துல வெளையாடாதீங்க” என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். என் பக்கம் திரும்பி இல்லை. கொள்ளிடம் இருக்கிற திசையைப் பார்த்து.