ஷட்டர் சத்தம் கொஞ்சம் சரியில்லை

“ஆசையை மட்டும் மூஞ்சில காட்டிடாதீங்க மாமா. காட்டினீங்க, நின்ன எடத்துலயே விலை ஏறிடும்” என்று மைத்துனன் போனில் எச்சரித்தபோது, பல்காரர் சர்வேயர் வீட்டு அழைப்பு மணியில் விரலை வைத்துவிட்டிருந்தார்.

“வேற எதைக் காட்டறது?”

“பக்கத்துல ஏதோ நாத்தம் அடிக்கிற மாதிரி வச்சுக்குங்க.”

கதவு திறந்தது. மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்ததும் சர்வேயர் பதறிப்போனார். “மன்னிச்சுக்குங்க சார், குப்பை வண்டி இன்னும் வரலை. உள்ள வாங்க, உள்ள வாங்க.”

பல்காரர் என்பது தெரு வைத்த பெயர். அவர் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அனுப்பிவைக்கும் வாய் அச்சுகளில் மெழுகும் பிளாஸ்டரும் ஊற்றி, பல் செட் செய்து கொடுப்பது அவர் தொழில். ஊரில் எத்தனையோ பேர் அவர் செய்த பல்லால்தான் கடிக்கிறார்கள், பேசுகிறார்கள். ஆனால் எந்தப் பல் எந்த முகத்தில் போய் உட்கார்ந்தது, உட்கார்ந்து எப்படிச் சிரித்தது என்று அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பஞ்சு வைத்த டப்பாவில் போட்டு அனுப்புவதோடு சரி.

அதனாலோ என்னவோ, சிரிக்கிற முகங்கள் மேல் அவருக்குத் தீராத ஏக்கம். பஸ்ஸில், கடை வரிசையில் யாராவது சிரித்தால் கண் அங்கேயே நின்றுவிடும். போனை எடுத்துக் குறி பார்ப்பதற்குள் சிரிப்பு முடிந்திருக்கும். வீட்டில் மனைவி விஷயம் இன்னும் மோசம். கண்ணை இறுக மூடிக்கொண்டு, மின்னல் வெட்டுகிற மாதிரி ஒரு நொடிதான் சிரிப்பாள். அவருடைய போனில் சிரிக்கப் போகிற மனைவி இருந்தாள், சிரித்து முடித்த மனைவி இருந்தாள். நடுவில் இருப்பவள் மட்டும் இல்லவே இல்லை.

அந்த நடு நொடியைப் பிடிக்கிற கேமராக்கள் உண்டு என்று அவருக்குத் தெரியும். விளையாட்டு மைதானத்தில் பத்திரிகைக்காரர்கள் தூக்கிக்கொண்டு அலைகிற கனமான கேமராக்கள். புதிதாக வாங்குவது நடக்கிற காரியமில்லை. அப்படி ஒன்று பழசாக விலைக்கு வருகிறது என்ற விளம்பரம் கண்ணில் பட்டதும், அதிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டார். எடுத்தவர் சர்வேயர். காலமெல்லாம் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். ஒரு மாடி வீட்டின் கீழ்ப் பகுதியில் தனியாக இருந்தார்.

சர்வேயர் கண்ணாடி அலமாரியைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றியிருந்ததை எடுத்து, தூங்குகிற பிள்ளையைக் கைமாற்றுகிற மாதிரிக் கொடுத்தார். பல்காரர் வாங்கினார். நல்ல கனம். விரல்கள் தானாகவே அததன் இடத்தில் போய் அமர்ந்தன.

“ஒரு படம் எடுத்துப் பாக்கலாமா?”

“எடுங்க. ஆனா என்னையெல்லாம்…” என்று சர்வேயர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சளக்.

இருவரும் திரையில் குனிந்தார்கள். காது மடலில் நீட்டிக்கொண்டிருந்த ஒற்றை நரைமுடி தெரிந்தது. சிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யாத உதட்டோரம் தெரிந்தது. அந்த உதட்டோரத்துக்குப் பின்னால் ஒரு முழு மனிதரே தெரிந்தார்.

சர்வேயர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இது நானா?”

“நீங்கதான் சார்.”

“நான் இப்படி இருப்பேன்னு யாருமே சொன்னதில்லையே” என்றார் சர்வேயர்.

‘எடுத்துக்கறேன்’ என்ற வார்த்தை பல்காரரின் பல் வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் துடித்தது. மைத்துனன்தான். பல்காரர் தொண்டையைச் செருமி, மனசாட்சியைக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கச் சொன்னார்.

“ஷட்டர் சத்தம் கொஞ்சம் சரியில்லை.”

சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தார். சர்வேயர் முகமோ பிரகாசமாகிவிட்டது. “அப்படியா! சரியில்லையா?”

“கொஞ்சம் கரகரன்னு…”

“கரகரன்னு” என்று சர்வேயர் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். “நல்லவேளை சொன்னீங்க. அவசரமே இல்ல சார், ஆற அமர யோசிச்சு வாங்க.”

இப்படியும் ஒரு நேர்மையான மனிதரா என்று வியந்தபடி பல்காரர் வெறுங்கையோடு வீடு திரும்பினார்.

“எங்க கேமரா?” என்றாள் மனைவி.

“வாங்கறதுக்கு நேரம் வரலை.”

நேரத்தைக் குறித்துக் கொடுத்தவன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தான். மைத்துனனுக்குப் போன் விற்கும் கடையில் வேலை. சுவிட்ச் போட்டால் எரிகிற எல்லாச் சாமான்களைப் பற்றியும் அவனுக்குக் கருத்து உண்டு. “கேமரா வாங்கறது பெரிசில்ல மாமா. எப்ப வாங்கறோம்ங்கறதுதான் பெரிசு. புது மாடல் வரப்போகுது. அது வந்த அன்னிக்கே பழசு பொத்துன்னு விழும்.”

“அதுக்குள்ள வேற யாராவது தூக்கிட்டுப் போயிட்டா?”

“வாரா வாரம் போங்க. ஒவ்வொரு குறையா சொல்லிட்டு வாங்க. சூடும் ஆறாது, விலையும் ஏறாது.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பல்காரர் வேலைக்கூடத்தில் உபயோகிக்கும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போனார். லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பொய் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. நிஜமாகவே வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது.

“பூஞ்சை விழுந்திருக்கு சார்.”

“எங்க? எங்க?” சர்வேயர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். “ஆழமா இருக்கா? பரவுமா?”

“பரவும்னுதான் சொல்றாங்க.”

சர்வேயர் உள்ளே போய்த் தட்டு நிறைய பிஸ்கட் கொண்டுவந்து வைத்தார். டீயும் வந்தது. பேச்சு பழம் நழுவிப் பாலில் விழுகிற கட்டத்துக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, பல்காரர் மெதுவாகக் கேட்டார்: “அப்ப விலை?”

“கொஞ்சம் ஏறியிருக்கு.”

“பூஞ்சை விழுந்ததுக்கா?”

சர்வேயர் ஒரு கணம் மேலே கூரையைப் பார்த்தார். “மார்க்கெட் அப்படி இருக்கு சார்.”

மறுநாள் வேலைக்கூடத்தில் அதே வெள்ளைப் புள்ளி ஒரு கடைவாய்ப் பல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. பிறகு டீ கிளாஸில் இருந்தது. பிறகு முதலாளியின் மூக்கு நுனியில். பல்காரர் பூதக்கண்ணாடியைத் திருப்பி நகத்தால் சுரண்டினார். பிளாஸ்டர் பொடி உதிர்ந்தது.

ஒரு பாவமும் அறியாத லென்ஸ் மேல் வாய் கூசாமல் பழி போட்டாயிற்று. அன்று முழுக்க அந்த நினைப்பிலேயே இருந்ததில், ஒரு செட்டில் இடப்பக்கத்துக் கோரைப்பல்லை வலப்பக்கம் பதித்து அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் டாக்டர் போனில் கத்தினார்.

“என்னய்யா செஞ்சு வச்சிருக்கே? அந்தம்மா துக்க வீட்டுக்குப் போயிருக்காங்க. எவ்வளவு இழுத்து மூடினாலும் வாய் சிரிக்கிற மாதிரியே இருக்காம். சொந்தக்காரங்க பேச்சு வார்த்தையை நிறுத்திட்டாங்க!”

மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனை வைத்தபோது, அந்த அம்மாவின் முகத்தை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் போலிருந்தது பல்காரருக்கு.

புது மாடல் வந்தது. வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே குரலில், ‘என்ன இருந்தாலும் பழைய மாடல் மாதிரி வராது’ என்றார்கள். பழசின் விலை எல்லா இடத்திலும் ஏறியது. சர்வேயர் சொன்ன விலை இன்னும் ஒரு படி மேலே போய் நின்றது.

“இது எதிர்பாராதது” என்று ஒப்புக்கொண்டான் மைத்துனன். “பரவாயில்ல மாமா, நானே வர்றேன். உங்களைத் தெரியாத மாதிரி வந்து நிப்பேன். ஒரு எக்ஸ்பர்ட் பேசினா மனுஷன் ஆடிப்போயிடுவாரு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை பல்காரர் போய் உட்கார்ந்த சிறிது நேரத்தில், கறுப்புக் கண்ணாடி போட்ட எக்ஸ்பர்ட் வந்து சேர்ந்தான். வீட்டுக்குள்ளும் அதைக் கழற்றாததால் வாசலில் கிடந்த செருப்பில் தடுக்கி, சர்வேயரின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தான். கேமராவைத் தலைகீழாகத் திருப்பினான். காதில் வைத்துக் கேட்டான். கடைசியில் நோயாளியின் சொந்தக்காரர்களிடம் பேசுகிற குரலில் சொன்னான்:

“சென்சார் போயிட்டே இருக்கு சார். ரொம்ப நாள் தாங்காது.”

“சென்சாருமா!” சர்வேயர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண்ணில் தண்ணீர் வராத குறை. “இதைக் கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க தம்பி. யாராவது கேட்டா நான் எப்படிச் சொல்லணும்?”

எக்ஸ்பர்ட் தனக்குத் தெரியாத எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னான். சொன்ன களைப்பில் எழுந்து நின்று, “கிளம்பலாமா மாமா?” என்றான்.

பல்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“மாமாவா?” என்றார் சர்வேயர்.

“வயசுல பெரியவங்களை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.”

“அப்ப என்னை மட்டும் ஏன் சார்ங்கிறீங்க?”

மைத்துனன் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்தபடி மறுபடி செருப்பில் தடுக்கி வெளியேறினான். சர்வேயர் கோபப்படவில்லை. வாசல் வரைக்கும் வந்து, “அடுத்த வாரமும் வாங்க, ரெண்டு பேரும் வாங்க” என்று வழியனுப்பினார். அலமாரியைப் பூட்டுவதற்கு முன்னால் அவர் கேமராவைத் துணியால் ஒரு தடவை மெதுவாகத் துடைத்ததை, பல்காரர் தெருவில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தார். விற்கப் போகிற சாமானை யாராவது அப்படித் துடைப்பார்களா என்று தோன்றியது. அதற்குள் மைத்துனன் பஸ் வந்துவிட்டதாகக் கையைப் பிடித்து இழுத்தான்.

சாப்பிடும்போது மைத்துனன் அக்காவிடம் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினான். ‘அப்ப என்னை மட்டும் ஏன் சார்ங்கிறீங்க’ என்ற இடத்தில் மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டு, மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். பல்காரர் பாய்ந்து போனை எடுத்தார்.

“காட்டுங்க” என்றாள் அவள், சிரித்து முடித்தபிறகு.

திரையில் கோடு கோடாக ஏதோ கலைந்து கிடந்தது.

“இது என்னதுங்க?”

“நீதான்.”

அவள் அந்தக் கோடுகளைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். “நாளைக்கே போய் வாங்கிட்டு வாங்க. கேக்கிற விலைக்கே வாங்கிட்டு வாங்க.”

“விலை இறங்கும்னு உன் தம்பி…”

“அது இறங்கறதுக்குள்ள எனக்கு நீங்க செஞ்ச பல்லைத்தான் மாட்டணும்.”

“அக்கா, டைமிங்குன்னு ஒண்ணு…” என்று ஆரம்பித்தான் மைத்துனன்.

“நீ வாயை மூடுடா.”

மறுநாள் பல்காரர் வேலைக்கு லீவு சொன்னார். சேர்த்து வைத்ததையெல்லாம் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். மூக்கைச் சுளிக்கவில்லை. ஆசையை முகம் முழுக்க அப்பிக்கொண்டு, வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தபடி நடந்தார். முதல் படம் மனைவி. அவளைச் சிரிக்கவைக்க மைத்துனனைச் செருப்பில் தடுக்கச் சொன்னால் போதும். அடுத்தது, கோரைப்பல் இடம் மாறிப்போன அந்த அம்மா. டாக்டரிடம் கெஞ்சி விலாசம் வாங்கி, மன்னிப்புக் கேட்டு, புது செட்டை மாட்டிவிட்டு, சம்மதித்தால் ஒரு படம். அதற்கப்புறம் சர்வேயர். சிரிப்பதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்கிற வரைக்கும் காத்திருந்து ஒன்று.

மணி அடிக்க வேண்டியிருக்கவில்லை. சர்வேயர் வாசலிலேயே நின்றிருந்தார். குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு, வகிடெடுத்துச் சீவியிருந்தார். கழுத்தில் கேமரா தொங்கியது. புதுப் பட்டை.

“சார், நான் உண்மையைச் சொல்லிடறேன்” என்றார் பல்காரர். “ஷட்டர்ல ஒரு குறையும் இல்லை. அந்த மாதிரி இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை.”

“மெதுவா சார்” என்றார் சர்வேயர்.

“பூஞ்சையும் இல்லை. அது என் கண்ணாடில இருந்த பிளாஸ்டர் பொடி.”

“கொஞ்சம் மெதுவா பேசுங்களேன்.”

“அந்த எக்ஸ்பர்ட் என் மைத்துனன். அவனுக்குச் சென்சார்னா என்னன்னே தெரியாது. நீங்க சொல்ற விலைக்கே எடுத்துக்கறேன் சார். குடுத்துடுங்க.”

சர்வேயரின் இரண்டு கைகளும் கேமராவைப் பொத்திக்கொண்டன. குழந்தையைக் கேட்டு வந்தவர் முன்னால் நிற்கிற மாதிரி நின்றார். “வித்துப் போச்சு சார்” என்றார், காற்றுக்கும் கேட்காத குரலில்.

“யாருக்கு?”

அதற்குள் மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. ஒரு கையில் ஹெல்மெட்டும் தோளில் பையுமாக, மாடி வீட்டுப் பெண் வேலைக்குக் கிளம்பி அவசரமாக இறங்கி வந்தாள். பல்காரரின் பார்வை கேமராவிலேயே குத்திட்டு நிற்பதைப் பார்த்து, போகிற போக்கில் நின்றாள்.

“நீங்களும் நான் அங்கிள்கிட்ட விக்கக் குடுத்த என் கேமராவைப் பாக்கத்தான் வந்தீங்களா சார்? தப்பிச்சீங்க, யாரோ ஒரு பல்காரர் வாரா வாரம் வந்து சோதிச்சு, அதுல இல்லாத வியாதியே இல்லைன்னு சொல்லிட்டாராம், பாவம், என் கஷ்டத்தைப் பாத்துட்டு நம்ம அங்கிள்தான் பாதி விலைக்கு அதை எடுத்துக்கிட்டாரு!”