முத்திரை உடையாத பை

மனித நாகரிகம் நெருப்பில் தொடங்கி, சக்கரத்தில் உருண்டு, கடைசியில் ஒரு பிளாஸ்டிக் பையில் வந்து பூரணமடைந்தது என்பதைத் தலைமை எழுத்தர் விமான நிலையத்தில்தான் உணர்ந்தார். டூட்டி ஃப்ரீ கடைப் பெண் சென்ட் பெட்டியையும் ரசீதையும் பையில் போட்டு, சிவப்பு ஓரத்தை அழுத்தி ஒட்டினாள்.

“போய்ச் சேர்ற வரைக்கும் பிரிக்கக் கூடாது சார். நடுவுல விமானம் மாறும்போது பிடுங்கிடுவாங்க.”

முப்பத்தோரு வருட சர்வீஸில் முத்திரையில்லாத மனு ஒன்றைக்கூட ஏறெடுத்துப் பார்க்காத மனிதருக்குக் கண் கலங்கியது.

கணவனும் மனைவியுமாக வெளிநாட்டில் மகள் வீட்டுக்குப் போகிறார்கள்; சென்ட், மகளின் மாமியாருக்கு. கல்யாணத்தில் இவர்கள் கொடுத்த கைக்கடிகாரம் இரண்டே நாளில் நின்றுபோனது. அந்தம்மாள் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லாமலே மானத்தை வாங்கிக்கொண்டிருந்தார். ஆகவே விமானத்தில் கணவர் குறட்டை விட்ட நேரம் பார்த்து, மனைவி பையைப் பிரித்து, பாட்டிலை மோந்து திருப்தியடைந்து, செருப்புக் கடிக்கு வைத்திருந்த பிளாஸ்திரியால் பையை ஒட்டிவைத்தாள்.

விமானம் மாறும் இடத்தில் பாதுகாப்பு அதிகாரி பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“யாரு பிரிச்சது?”

மனைவி கணவரைப் பார்த்தாள். ‘வழியில கிழிஞ்சிருக்கும்’ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“எங்க வீட்டுப் பிளாஸ்திரிதான் சார்” என்றார் தலைமை எழுத்தர், நிமிர்ந்து நின்று. “இவதான் ஒட்டியிருக்கணும்.”

“உள்ள சென்ட்தாங்க இருக்கு, மோந்து பாருங்களேன்” என்றாள் மனைவி.

“பாட்டில் பிரச்னையே இல்லம்மா. பைதான்.”

“அதோ, பாட்டிலைச் சோதிக்கற மெஷின் இருக்கே?”

“அது பிரிக்காத பைக்கு.”

“பிரிக்காததை எதுக்குச் சோதிக்கணும்?”

“பிரிச்சதைத்தான் தொட்டியில போட்டுடறோமே. அப்புறம் எதைச் சோதிக்கறது?”

தலைமை எழுத்தர் சொக்கிப்போனார். இப்படி ஒருவர் தம் அலுவலகத்துக்கு வாய்க்காமல் போனாரே!

பாட்டில் தொட்டியில் விழுந்தது. அங்கே ஏற்கெனவே கழுத்துவரை ‘ஆபத்துகள்’ குவிந்திருந்தன. இரண்டடி தள்ளி ஒரு குடும்பம் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தது.

“இங்க வெடிச்சா?” என்றாள் மனைவி.

“தொட்டிக்கு வந்துட்டா அது குப்பைம்மா. குப்பை வெடிக்காது.”

சோதனையைத் தாண்டிப் பத்தாவது அடியில் அதே சென்ட் விற்கும் கடை. தலைமை எழுத்தர் பெருந்தன்மையோடு இன்னொன்று வாங்கினார்.

“பிரிச்சுக் காட்டச் சொல்லுங்க” என்றாள் மனைவி.

“உனக்கு இன்னுமா புத்தி வரல?”

“இனிமே சோதனை கிடையாது சார், கையிலயே கொண்டு போலாம்” என்று கடைக்காரர் சொல்லியும் தலைமை எழுத்தர் விடவில்லை. பையில் போட்டு ஒட்டச் சொல்லி, வழியெல்லாம் மடியில் வைத்துக் காத்தார்.

மகள் வீட்டுக் கூடத்தில் சம்பந்தியம்மாள் கத்தரிக்கோலால் பையை வெட்டினார். பாட்டிலை எடுத்து மணிக்கட்டில் பீய்ச்சி அடித்தார். மோந்தார். மறுபடி அடித்தார். பிறகு தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த சீட்டை நிதானமாக வாசித்தார்.

“‘காட்சிக்கு மட்டும்.’ உள்ள கலர் தண்ணிதான் இருக்கு. வாங்கும்போது பாக்கலையா?”

பை கடைசிவரை பிரிக்கப்படவில்லை என்பதைத் தலைமை எழுத்தர் ஆதாரத்தோடு விளக்கத் தொடங்கினார். மனைவி குறுக்கே புகுந்தாள்.

“பாத்து வச்சது ஒண்ணு இருந்துச்சு சம்பந்தி. பாத்த குத்தத்துக்கு அதைப் பிடுங்கிட்டாங்க. இவருதான் சாட்சி சொன்னாரு.”