முந்நூற்று எண்பது கிராம் ஈரம்

காஞ்சிபுரம் நற்கோர்வைப் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு துப்பாக்கி உண்டு. அதைத் தினமும் இரண்டு வேளை எடை போடுவார்கள்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. சங்கத்துக் கிடங்குக்குள் எது போனாலும் எது வந்தாலும் தராசில் ஏறித்தான் ஆகவேண்டும். நெசவாளிக்கு இத்தனை கிராம் பட்டு நூல், இத்தனை கிராம் ஜரிகை என்று நிறுத்துக் கொடுப்பார்கள். புடவையாகத் திரும்பி வரும்போதும் அதே எடை நிற்க வேண்டும். குறைந்தால் நூலைத் திருடிவிட்டான். கூடினால் நூலைத் திருடிவிட்டுத் தண்ணீரும் தெளித்துவிட்டான். துப்பாக்கியும் ராத்திரியில் அதே கிடங்கில் தூங்குவதால் அதற்கும் அதே விதி. ‘பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி ஒன்று, தோட்டா ஐந்து உட்பட, மூன்று கிலோ இருநூறு கிராம்’ என்று பதினோரு வருஷத்துக்கு முன்பே பதிவேட்டில் எழுதி, மண்டல அலுவலகமும் முத்திரை குத்தியிருந்தது.

அந்தத் துப்பாக்கியைச் சுமக்கிற காவலாளி யேசுதாஸ். பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்தவர். மனுஷன் யாருக்கும் பயப்பட மாட்டார், தன் துப்பாக்கியைத் தவிர. சுட்டால் குண்டு முன்னால் போகும். உதை பின்னால் வந்து அவருடைய பழைய தோள்பட்டையில் இறங்கும். போன வருஷம் சுடும் பரீட்சையில் முதல் தோட்டா பலகையில் பட்டது. தோள் வீங்கிவிட்டது. மீதி நான்கும் யூக்கலிப்டஸ் மரத்துக்கும் ஆகாயத்துக்கும் போய்ச் சேர்ந்தன. “அடுத்த வருஷமும் மூணுக்கு மேல தவறினா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்” என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மகள் பிரவீனாவுக்கு ஏனாத்தூர் கல்லூரியில் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

வழியைக் கண்டுபிடித்தவள் பிரவீனாதான். போனைத் தடவிக்கொண்டே, “அப்பா, இதுக்குன்னே ஒரு கட்டை இருக்குதுப்பா. தோள்ல வெச்சி சுடறோமில்ல, அந்தப் பின்கட்டைக்குள்ளயே ஸ்பிரிங் வெச்சிருக்கான். உதையெல்லாம் அதுவே வாங்கிக்கும்” என்றாள்.

யேசுதாஸ் மனு எழுதினார். சங்கச் செயலாளர் தினகரன் நல்ல மனுஷர்தான். புதுசாக எது வந்தாலும் அது முதலில் தம் அலுவலகத்துக்கு வர வேண்டும் என்கிற ஒரு பலவீனம் மட்டும் உண்டு. கைரேகை வைத்தால் திறக்கிற பீரோ வாங்கி, அதைத் திறக்க இன்னமும் பூட்டுக்காரர் வந்துபோகிறார். ‘பின்னுதைப்புத் தணிப்புத் திட்டம்’ என்று மனுவுக்குப் பெயர் வைத்ததும் அவருக்கே உடம்பு சிலிர்த்தது. நிர்வாகக் கூட்டத்தில் நெசவாளி முனிரத்தினம் மட்டும் எழுந்தார்.

“நாளெல்லாம் தறியில பலகை அடிச்சிக்கினு இருக்கறோமே, எங்க தோளுக்கு ஸ்பிரிங் கெடயாதா சார்?”

“அது நிகழ்ச்சி நிரலில் இல்லை” என்றார் தினகரன்.

லைசென்ஸ் உள்ள கடையிலேயே புதுக் கட்டையை மாட்டி வாங்கினார்கள். பயிற்சி மைதானத்தில் யேசுதாஸ் சுட்டுப் பார்த்தார். மூன்று தோட்டா, மூன்றும் பலகையின் நடுவில். தோளில் யாரோ தெரிந்தவர் கை வைத்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான். அந்த மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. சாயந்திரம் பிள்ளையைப் பெற்றவன்போல் துப்பாக்கியை ஏந்திக்கொண்டு கிடங்குக்குப் போய், மறக்காமல் மூன்று புதுத் தோட்டாவும் போட்டுக் கொடுத்தார்.

கிடங்குக் காப்பாளர் வேணுகோபால் அதைத் தராசில் வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“மூணு கிலோ ஐநூத்தி எண்பது. முந்நூத்தி எண்பது கிராம் கூடுதே யேசுதாஸ்.”

“புதுக்கட்டை சார். உள்ள ஸ்பிரிங் இருக்குது.”

“எனக்கு எடை தெரியும், ஸ்பிரிங் தெரியாது. எடை கூடினா ஈரம். விதி பதினாலு.”

“இரும்பு எப்படி சார் ஈரமாவும்?”

“முப்பது வருஷமா எல்லாரும் இதைத்தான்பா கேக்கறாங்க.”

வேணுகோபாலைத் தப்பாக நினைக்கக் கூடாது. சொந்த மாமியார் கிடங்குக்குள் வந்தாலும் நிறுத்துத்தான் வெளியே விடுவார். விதி பதினாலின்படி மறுநாள் துப்பாக்கி மொட்டைமாடியில், வெள்ளை வேட்டி விரித்து, வெயிலில் காயப்போடப்பட்டது. குரங்கு எடுத்துப் போய்விடாமல் இரண்டு நாள் அதற்கு யேசுதாஸே காவல் இருந்தார், கையில் ஒரு மூங்கில் கழியோடு. கீழே சங்கத்துக்குக் காவல் இல்லையே என்று கேட்டதற்கு, துப்பாக்கி காய்ந்ததும் வரும் என்று சொல்லப்பட்டது.

மூன்றாம் நாள் எடை போட்டால், ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

‘தங்கள் பொறுப்பில் இருந்த துப்பாக்கி எவ்வாறு பருமனடைந்தது என்பதை ஏழு நாள்களுக்குள் விளக்குக’ என்று யேசுதாஸுக்கு நோட்டீஸ் வந்தது. பதிவேட்டைத் திருத்தினால் தீராதா என்றால், திருத்தலாம். மண்டல அலுவலகம் அனுமதி தரப் பதினெட்டு மாதம் ஆகும். சுடும் பரீட்சைக்கு இருந்ததோ பதினெட்டு நாள். பரீட்சைக்கு எடுத்துப்போக வேண்டுமானால் துப்பாக்கி பதிவேட்டு எடைக்கு வந்தாக வேண்டும்.

“பழைய கட்டையையே மாட்டிடுங்க சார்” என்று யேசுதாஸ் கெஞ்சினார்.

“திட்டத்தைத் துவக்கி வெச்சி பத்திரிகையில போட்டோவே வந்துடுச்சி. அரசாங்கம் பின்வாங்காதுப்பா” என்றார் தினகரன். “கூடின எடையை மட்டும் குறைப்போம். எதைக் கழட்டலாம்?”

குழலை அறுக்க முடியாது, அதன் நீளம் லைசென்ஸில் இருக்கிறது. கட்டையைத் தொடக்கூடாது, அதுதான் திட்டம். தோட்டாக்களை எடுத்தார்கள். ஐந்தும் சேர்ந்து இருநூறு கிராம். இன்னும் நூற்று எண்பது வேண்டும். வேணுகோபால் துப்பாக்கியின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்து ஒரு இரும்புத் துண்டைக் காட்டினார். கழற்றி நிறுத்தால், என்ன பொருத்தம்! மிகச் சரியாக நூற்று எண்பது.

“சார், அது இல்லாம சுடாது சார்!”

“தேவைப்படும்போது எழுதிக் கொடுத்தா தந்துடுவோமே” என்றார் வேணுகோபால். “மூணு வேலை நாள்ல.”

தராசு முள் மூன்று கிலோ இருநூறில் அசையாமல் நின்றது. வேணுகோபால் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பரீட்சை நாள் வந்தது. யேசுதாஸ் காலையில் பிரவீனாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மைதானத்தில் துப்பாக்கியைத் தோளில் வைத்து, விதியே என்று விசையை இழுத்தார். ஐந்து முறை இழுத்தார். மரத்திலிருந்த காக்கை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மண்டல அலுவலகத்து அதிகாரி படிவத்தை விரித்தார். “தோள் வலி?”

“இல்ல சார்.”

“பின்னுதைப்பு?”

“சுத்தமா இல்ல சார்.”

“குறி தவறிய தோட்டாக்கள்?”

யேசுதாஸ் முழித்தார். பக்கத்திலிருந்த தினகரன், “ஒன்றுகூட இல்லை சார்” என்றார் பெருமையாக. “போன வருஷம் நான்கு.”

“குறியில பட்டது எத்தனை?”

“அதுக்குப் படிவத்துல கட்டம் இல்ல சார்.”

அதிகாரி பின்பக்கமும் புரட்டிப் பார்த்தார். உண்மையாகவே இல்லை. யேசுதாஸ் முதல் வகுப்பில் தேறினார். வேலை தப்பியது, பிரவீனாவின் படிப்பும் தப்பியது. வீட்டில் பிரியாணி செய்தார்கள். அவர் மட்டும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்.

பின்னுதைப்பை நூற்றுக்கு நூறு ஒழித்த முதல் சங்கம் என்று பாராட்டுக் கடிதம் வந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? ஊரில் துப்பாக்கி வைத்திருந்த அலுவலகங்களெல்லாம் தினகரனிடம் வந்து விவரம் கேட்டுப் போயின. எதிர்த்த கட்டடத்துக் காவலாளி நமச்சிவாயத்தின் துப்பாக்கிக்கும் புதுக்கட்டை வந்தது, வேண்டாதது போனது. அந்த ரகசியத்தைக் காவலாளிகள் தங்களுக்குள்கூடப் பேசிக்கொள்ளவில்லை.

முகூர்த்த மாதத்தில் ஒரு மத்தியானம், புடவை பார்க்க வந்தவன்போல் வந்த ஒருத்தன் நான்கு புடவைகளை வாரிக்கொண்டு தெருவில் ஓடினான். யேசுதாஸுக்குப் பட்டாளத்து ரத்தம். பாய்ந்து தெருவில் இறங்கி, “நில்லுடா! சுட்டுடுவேன்!” என்று கத்தித் துப்பாக்கியை நீட்டினார். அந்தப் பக்கமிருந்து நமச்சிவாயமும் நீட்டினார். நடுவில் திருடன் புடவைகளை மார்போடு கட்டிக்கொண்டு வெலவெலத்து நின்றான். வியர்வை ஆறாக ஓடியது. துப்பாக்கிக்காரர்கள் இருவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கவில்லை. அந்தத் தெருவில் அரசாங்கத்தை முழுசாக நம்பியவன் அவன் ஒருவன்தான்.

போலீஸ் அவனைக் கொண்டுபோனது. புடவைகள் கிடங்குக்கு வந்தன. வேணுகோபால் நிறுத்தார்.

“அறுபது கிராம் கூடுது. ஈரம்.”

“திருடன் வேர்வை சார்!”

“யாரால வேர்த்துது?”

‘திருடனைத் தேவைக்கு மேல் அச்சுறுத்திச் சங்கச் சொத்து ஈரமாகக் காரணமானதற்கு’ வேணுகோபால் அங்கேயே நோட்டீஸ் எழுதி யேசுதாஸிடம் நீட்டினார். பிரவீனாவின் இரண்டு வருஷத்தை நினைத்துக்கொண்டு அவரும் கையெழுத்துப் போட்டார்.

புடவையோடு வரிசையில் நின்ற நெசவாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “தோட்டா இல்லாத துப்பாக்கிக்கே இந்தப் பாடா!” என்றார், தோட்டாவைக் கழற்றியதை வரிசையில் நின்று பார்த்திருந்த முனிரத்தினம், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“அடுத்து!” என்றார் வேணுகோபால்.

சிரிப்பு பட்டென்று நின்றது. எல்லோரும் அவசர அவசரமாக உள்ளங்கை வியர்வையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்கள். முனிரத்தினம் இருபது நாள் உழைப்பைத் தராசில் வைத்தார்.

யேசுதாஸ் தோளைத் தடவிக்கொண்டே அந்தத் தராசைப் பார்த்தார். சுடுகிறவன் தோளில் தூசி அளவுகூட உதைக்காத ஆயுதம் ஒன்றைத் தேடித்தானே அவர் மனு எழுதினார்? அது இத்தனை வருஷமாக இங்கேயே, அவர் காவலில்தான் இருந்திருக்கிறது.

“பன்னெண்டு கிராம் கூடுது முனிரத்தினம். மாடியில காயப்போடு” என்றார் வேணுகோபால், உட்கார்ந்த இடத்தில் துளி அசையாமல்.