நாளைவாரியம் என்றொரு சொல்

ஒரு காட்டில் மரங்களைவிட மனுக்கள் அதிகமாகிவிட்ட காலம் அது. அங்கே கூர்மதியார் என்றொரு முள்ளம்பன்றி இருந்தார். காட்டின் அகராதியை எழுதுகிறவர். தன் முதுகிலிருந்தே முள்ளைப் பிடுங்கி, நாவல்பழச் சாற்றில் தோய்த்து எழுதுவார். சரியான சொல் கிடைத்துவிட்டால் பாதித் துன்பம் தீர்ந்துவிடும் என்பது அவர் கொள்கை. மீதிப் பாதியைப் பற்றி அவர் யோசித்ததில்லை.

ஒரு மழைநாளில் செவ்வந்தி என்ற முயல் நனைந்தபடி வந்தாள். அவள் வளைக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது. மேட்டில் புது வளை தோண்ட அனுமதி கேட்டு, காட்டு அலுவலகத்துக்கு ஒரு மாதமாக அலைகிறாள்.

"கிளி, கீரியைப் பாருன்னுது. கீரி, ஏழாம் படிவத்துல ஆமை கையெழுத்து வேணுங்குது. ஆமை வந்து சேர்றதுக்குள்ள எட்டாம் படிவம் வந்துடுது. இந்தக் கூத்துக்கு என்ன பேருங்கய்யா? புகார்ல பேரு போடணுமாம், இல்லன்னா வாங்க மாட்டாங்களாம். நாலு குட்டியும் ஈரத்துல நடுங்குதுங்க."

கூர்மதியார் கண்ணை மூடி யோசித்தார். "மிகையலுவலாண்மை."

"அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள சன்னலைச் சாத்திடுவாங்கய்யா. எப்பப் போனாலும் நாளைக்கு வான்னுதான் சொல்றாங்க."

கூர்மதியாருக்கு உடம்பெல்லாம் முள் சிலிர்த்தது. உடனே எழுதினார்:

*நாளைவாரியம் (பெ.): ஒரு வேலையைச் செய்யாமலிருக்கப் பலர் கூடி மும்முரமாக உழைத்தல். எ-டு: குட்டிக்குப் பேரன் பிறந்துவிட்டான், நாளைவாரியத்தில் அதன் பிறப்புச் சான்று இன்னும் பிறக்கவில்லை.*

ஒரே வாரத்தில் காடெங்கும் அந்தச் சொல்தான். அலுவலகத் தலைவர் எருமை அவரைக் கூப்பிட்டனுப்பினார். கதை முடிந்தது என்று எண்ணிக்கொண்டே போனார் கூர்மதியார்.

"இத்தனை வருஷமா இந்த ஆபீசுக்குப் பொருத்தமா ஒரு பேர் அமையல" என்றார் எருமை, கண்கலங்கி. "இப்பத்தான் அமைஞ்சுது."

அன்றே வாசலில் 'நாளைவாரியம்' என்று பலகை மாட்டினார்கள். கூர்மதியாரைச் செயலர் ஆக்கினார்கள். முள் இடிக்காதபடி அளவெடுத்துச் செய்த நாற்காலி. அவர் முதுகைப் பற்றி அதுவரை யாரும் கவலைப்பட்டதில்லை.

மறுவாரம் செவ்வந்தி வந்தாள். அலுவலகத்தின் பெயரைப் பிழையாக எழுதியிருப்பதாக அவள் மனு திரும்பி வந்திருந்தது.

"வாரியத்துக்குச் சின்ன ரியா, பெரிய றியாங்கய்யா?"

பதில் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் செயலர் வாய்மொழியாக எதையும் சொல்லக் கூடாதென்று அன்று காலைதான் அவரே சுற்றறிக்கை எழுதியிருந்தார்.

"எழுதிக் கேளும்மா."

"எப்படி எழுதுறதுன்னுதானே கேக்குறேன்."

கூர்மதியார் சுற்றறிக்கையை எடுத்து நீட்டினார். செவ்வந்தி மனுவை மடித்து அவர் முன்னால் வைத்துவிட்டு, நேரே மேட்டுக்குப் போய் இரண்டு கையாலும் தோண்ட ஆரம்பித்தாள். சன்னல் வழியே மண் பறப்பது தெரிந்தது. பொழுது சாய்வதற்குள் நாலு குட்டிகளும் உலர்ந்த வளைக்குள் போய்விட்டன. யாரும் தடுக்கவில்லை. தடுப்பதற்குப் பன்னிரண்டாம் படிவம் வேண்டும்.

கூர்மதியாருக்கு மெய்யாகவே சந்தோஷம். ஓடிப்போய் ஒரு நல்ல வார்த்தை சொல்லலாமென்று எழுந்தார். நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

நீதி: தொல்லைக்குப் பெயர் வைக்காதே. வைத்தால் பலகை மாட்டுவார்கள். பலகைக்குக் கீழே உனக்கொரு நாற்காலி போடுவார்கள். நாற்காலியோ மிகவும் வசதியாக இருக்கும்.