பெற்றிசியா சொல்ல வந்ததை மாமா சொல்லிவிட்டார்

பிள்ளைகளுக்காகப் பதில் சொல்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. சின்னக் குழந்தை ஒன்று எங்கே இருக்கிறதோ அங்கே இவர்கள் தாமாக முளைப்பார்கள். பஸ்ஸிலும் கப்பலிலும் கடவுச்சீட்டு வரிசையிலும், உலகத்தின் எல்லாப் பாஷைகளிலும் இவர்களைச் சந்திக்கலாம். ஆனால் முற்றி விளைந்த ஒருவரைப் பார்க்க ஆசையென்றால் பேசாலைக்கு வாருங்கள். கடற்கரையில் மீன் ஏலம் கூறும் சந்தியோகுவின் வீடு எது என்று யாரிடமும் விசாரிக்க வேண்டாம். சத்தம் வரும் வீடு அதுதான்.

அந்த வீட்டில்தான் அவருடைய தங்கை அன்ரோனெற்றும் அவளுடைய மகள் பெற்றிசியாவும் இருக்கிறார்கள். பெற்றிசியாவுக்கு மூன்று வயதாகப் போகிறது. இன்னும் ஒரு சொல்கூடப் பேசவில்லை. காதைச் சோதித்தாயிற்று, நன்றாகக் கேட்கிறது. சந்தியோகு இருக்கும் வீட்டில் கேட்காமல் இருப்பதுதான் கஷ்டம். அன்ரோனெற் பெரிதாக எதற்கும் ஆசைப்படவில்லை. பிள்ளையின் வாயிலிருந்து ஒரு 'அம்மா' வந்தால் போதும்.

வருமா? வர விட்டால்தானே!

"மருமகளே, உங்கட பேர் என்ன? பெற்றிசியா எண்டு சொல்லுங்கோ. ஆ, பெற்றிசியாவாம்! என்ன சாப்பிட்டனீங்கள்? இடியப்பமாம். இன்னும் வேணுமாம். கெட்டிக்காரி!"

கேள்வி அவருடையது, பதில் அவருடையது, பாராட்டும் அவருடையதே. பிள்ளையின் பங்கு, அங்கே இருப்பது மட்டும். சில வேளைகளில் அவளுடைய உதடு மெல்லப் பிரியும். அன்ரோனெற் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். அதற்குள் அண்ணனின் பதில் வந்து விழுந்துவிடும். கடைசி இருக்கையும் போய்விட்ட பஸ்ஸைப் பார்ப்பவளைப் போலப் பிள்ளை வாயை மூடிக்கொள்வாள்.

அன்ரோனெற் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். அண்ணனும் துணைக்கு வந்தார். மருத்துவமாது மாக்கிறட் குனிந்து, "பிள்ளைக்கு நாய்க்குட்டி விருப்பமோ?" என்று கேட்டாள்.

"சரியான விருப்பமாம்," என்றார் சந்தியோகு.

"ஐயா, நான் உங்களைக் கேக்கேல்லை."

"அவவுக்கு அது விளங்கிற்றாம், மிஸ்."

மாக்கிறட் பேனையை மேசையில் வைத்தாள். "பிள்ளை எதைப் பாக்கிறாவோ அதைப் பற்றிக் கதையுங்கோ. ஒண்டைக் கேட்டால், முகத்தைப் பாத்துக்கொண்டு பேசாமல் இருங்கோ. நீங்கள் விடுற இடைவெளியிலைதான் அவ கதைக்கலாம்."

பேசாமல் இருப்பதா? கரையில் ஏலம் கூறுகிறவனுக்கு மௌனம் நட்டம். அவன் எச்சில் விழுங்கும் நேரத்தில் அறக்குளா மீனின் விலை இறங்கிவிடும். ஆனாலும் தங்கைக்காகச் சந்தியோகு ஒப்புக்கொண்டார். அன்று பின்னேரமே குவளையைத் தூக்கிப் பிடித்து, "மருமகளுக்குத் தண்ணி வேணுமோ?" என்றார். வாயை மூடினார். முகம் சிவந்தது, நெற்றி வேர்த்தது, கால் தரையை உதைத்தது. பிள்ளையின் உதடு அசையத் தொடங்கிய அதே நொடியில் அவருக்குத் தாங்கவில்லை.

"தண்ணி ஒருதரம்! தண்ணி ரெண்டு தரம்! மூண்டு தரம்! அன்ரோனெற்றுக்கு!"

தண்ணீர் தாய்க்குப் போனது. தாகம் பிள்ளையிடமே இருந்தது.

"அண்ணை, உன்னாலை அவ ஊமையாப் போகப்போறா!" என்று அன்ரோனெற் அழுதாள்.

"ஊமையாப் போகமாட்டாவாம்," என்றார் அண்ணன்.

பிறகு ஒருநாள் கரையில் பாரை மீன் மலையாகக் குவிந்தது. விடாமல் ஏலம் கூறியதில் சந்தியோகுவின் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒரு கிழமை வாய் திறக்கக் கூடாது என்றார் டொக்டர். வீடு அமைதியானது. தன் வீட்டுச் சுவரில் மணிக்கூடு ஓடுவதை அன்ரோனெற் முதல் முறையாகக் கேட்டாள். பெற்றிசியா மாமாவின் முன்னால் குந்தியிருந்து, அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

மூன்றாம் நாள் சிலாவத்துறையிலிருந்து கருவாடு எடுக்க வியாபாரி நசீறா வந்தாள். "என்ன சந்தியோகண்ணன், சுகமா இருக்கீங்களா?" என்றாள்.

சந்தியோகு வாயைத் திறந்தார். காற்று வந்தது.

"மாமாக்குக் கத்த ஏலாது," என்றாள் பெற்றிசியா.

நசீறாவின் கையிலிருந்த பை விழுந்தது. "யா அல்லாஹ்! பிள்ளை பேசுது!"

அன்ரோனெற் குசினியிலிருந்து பறந்து வந்தாள். மகளின் முன்னால் முழங்காலில் விழுந்து, அந்தக் கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்தாள். "செல்லம், நான் ஆர்? சொல்லுங்கோ, நான் ஆர்?"

பெற்றிசியா அவளைப் பார்த்தாள். உதடுகள் ஒன்றுசேர்ந்தன. சந்தியோகு இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினார். தங்கையின் வாயைப் பொத்தச் சொல்லி நசீறாவுக்குச் சைகை காட்டினார். வாழ்க்கையில் முதல் முறையாக அவருக்கு இடைவெளி என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. ஆனால் பிந்திவிட்டது.

"அம்மா! அம்மா எண்டு சொல்லுங்கோ! பாருங்கோ நசீறா, அம்மாவாம்!"

பெற்றிசியா வாயை மூடிக்கொண்டாள்.

என்ன சொல்கிறீர்கள்? நீங்கள் அந்தப் பதில் சொல்லும் இனம் இல்லை என்றா? பொறுங்கள். நான் இன்னும் உங்களிடம் கேட்கவே இல்லையே.